சாலைப் பக்கத்துச் சுவர்

களிமண் மறுபடியும் விழுந்து கிடந்தது. நேற்று சாயங்காலம் பெர்னிஸ் தன் கையாலேயே மரக்கட்டைகளின் இடுக்கில் திணித்து, கொத்துக்கரண்டியால் வழித்து, ஈரத்துணியால் தடவிவிட்டுப் போன மண், இன்று சாலைப் பக்கத்துச் சுவருக்கு வெளியே புதுப்பனியின் மேல் துண்டு துண்டாகச் சிதறியிருந்தது. மற்ற மூன்று சுவர்களிலும் ஒரு கீறல்கூட இல்லை.

"குளிர்ல வெடிச்சிருக்கும்மா," என்றார் ஆர்வில். இந்தப் பழைய மரவீட்டைப் புதுப்பிக்கும் கமிட்டியின் தலைவர், காது மந்தம், லாரியை விட்டு இறங்காமலேயே கத்தினார். "இல்லேன்னா ரொட்டிக்குப் பிசையற மாதிரி பிசைஞ்சிருப்பே. உன் ரொட்டியும் இப்படித்தானே உதிரும்!"

"உங்க பல்லு போனதுக்கு என் ரொட்டியக் குத்தம் சொல்லாதீங்க."

"கோவிச்சுக்காதே. சனிக்கிழமை தலைநகரத்து ஆபீசர் வர்றான். சுவத்துல ஓட்டையப் பாத்தான்னா வீட்டக் காப்பாத்தற காகிதத்துல கையெழுத்துப் போட மாட்டான். அப்புறம் விலைக்குக் கேட்டுட்டிருக்கற சாராயக்கடைக்காரன் கட்டையெல்லாம் பிரிச்சுத் தூக்கிட்டுப் போயிடுவான். மூணு மணிக்குத் திரும்பி வரச்சே எட்டிப் பாக்கறேன். கயிறு வெளிய கிடக்கட்டும், என்ன?"

அந்தக் கயிறு விஷயத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சினில் குடியேறிய நார்வேக்காரர்கள் நூறு வருஷமாக ஒரே பிடிவாதம். கதவின் உள்பக்கம் மரத்தாழ். அதில் கட்டிய மான்தோல் கயிறு ஒரு துளை வழியாக வெளியே தொங்கும். தொங்கினால் யார் வேண்டுமானாலும் இழுத்துத் திறந்து உள்ளே வரலாம். உள்ளே இழுத்துக்கொண்டால் வராதே என்று அர்த்தம். அதற்கு மேல் கதவைத் தட்டுகிறவன் மானம் கெட்டவன்.

லாரி போனதும் மலைச்சரிவு முழுக்க அமைதி. பெர்னிஸுக்கு இது பழகிய அமைதிதான். கணவர் நெல்ஸ் செத்துப் போய் இரண்டு வருஷமாக, சமையலறையில் கெட்டில் கொதிப்பதைத் தவிர அவள் வீட்டில் வேறு குரல் கிடையாது. இந்த மரக்கட்டை வீட்டுக்கு வந்தால்தான் யாருக்கோ தான் வேண்டியவள் என்று தோன்றும். அதனாலேயே இதைக் காப்பாற்றியாக வேண்டும்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தி, கணப்பில் பைன் விறகை அடுக்கினாள். ஜன்னலுக்குக் கண்ணாடி இன்னும் வரவில்லை, பலகை அடித்திருந்தது. புகையும் பிசினும் ஈரமண்ணும் கலந்த வாசனை, நெருப்பின் மங்கிய சிவப்பு, வெளியே பனி சரசரவென்று கூரையில் இறங்கும் சத்தம். அவள் மண்டியிட்டு, சாலைப் பக்கத்துச் சுவரின் இடுக்குகளில், இம்முறை உள்ளிருந்தே, பழந்துணியும் வைக்கோலும் கலந்த மண்ணை மூச்சைப் பிடித்து அழுத்தினாள்.

ஓரிடத்தில் கட்டையின் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. எலி கடித்தது என்று கோடையிலேயே எழுதிவைத்திருந்தாள். இப்போது விரலை வைத்துப் பார்த்தாள். நான்கு பள்ளங்கள். நான்கு விரலும் அளவெடுத்தது போல உட்கார்ந்தன.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

இந்த வீட்டின் கதையை அறிவிப்புப் பலகைக்காக எழுதியவளே அவள்தான். குடியேறின காலத்தில் இதைக் கட்டிய ஹால்வோர், சாமான் வாங்கப் போன வழியில் பனிப்புயலில் செத்தான். மனைவி ராக்னில்ட் ஏப்ரல் வரை தனியாக இருந்தாள். அக்கம்பக்கத்தார் வந்தபோது கயிறு உள்ளே இழுக்கப்பட்டிருந்தது, அவள் உள்ளே செத்துக் கிடந்தாள். பீப்பாயில் பாதி மாவு அப்படியே மிச்சம். ஆனால் அந்த உறைபனிக் காலத்தில் யாரோ சுவரின் மண்ணையெல்லாம் நோண்டி எடுத்திருந்தார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று பாதிரியார் குறித்துவைத்தார்.

சாலைப் பக்கத்துச் சுவர் மட்டும். உட்கார்ந்தால் கண் வைக்கும் உயரத்தில். யாராவது வருகிறார்களா என்று பார்க்க.

பாவம் என்றிருந்தது பெர்னிஸுக்கு. அவளும் எத்தனை சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். "நான் இருக்கேன்டி," என்றாள் வாய்விட்டு, விளையாட்டாக. பிறகு கடைசி இடுக்கையும் அடைத்தாள்.

பின்னால் ஏதோ உரசியது.

திரும்பினாள். கதவுத் துளையில் மான்தோல் கயிறு நகர்ந்துகொண்டிருந்தது. மெதுவாக. உள்நோக்கி. நுனி துளையைத் தாண்டியது. தாழிலிருந்து உள்பக்கமாகத் தொங்கியது.

ஓடிப்போய்த் தாழைத் தூக்கினாள். ஒற்றை விரலால் தூக்கும் தாழ் அது. அசையவில்லை. மேலிருந்து ஒரு கை அமுக்குவது போன்ற கனம். கயிற்றைத் துளைக்குள் திணித்தாள். அது திரும்பி வந்தது. மறுபடி திணித்தாள். திரும்பி வந்தது.

லாரிச் சத்தம் கேட்டது.

"ஆர்வில்! ஆர்வில்!"

பனியை மிதிக்கும் காலடி. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. அவர் செருமினார்.

"என்னது, கயிற உள்ள இழுத்துட்டியா?" சிரிப்பில் கொஞ்சம் வருத்தம். "ஒரு ரொட்டிக்கு இவ்வளவு கோவமா? சரிம்மா, இருந்துக்கோ. நா தட்ட மாட்டேன். சனிக்கிழமை பாப்போம்."

"ஐயோ, நான் இழுக்கல! கதவ இடிங்க!"

கதவில் இரண்டு கையாலும் குத்தினாள். மூன்று விரல் கனமுள்ள ஓக் பலகை. லாரியின் என்ஜின் வேறு ஓடிக்கொண்டிருந்தது. சுவரிலோ ஊசி நுழைய இடமில்லை. எல்லாம் அவளே அடைத்தது. காலடி தள்ளிப் போனது.

சுவரில் விழுந்து நோண்டினாள். கரண்டியைத் தேட நேரமில்லை. நகத்தால். துணி, வைக்கோல், மண். நகம் பிய்ந்தது. விரல்கள் அந்த நான்கு பள்ளங்களில் தாமாகப் போய் உட்கார்ந்தன. மண் வெளியே விழுந்தது. வெளிச்சம். கண்ணை வைத்தாள்.

வெள்ளைச் சாலை. லாரியின் சிவப்பு விளக்கு. சிறுத்தது. வளைவில் மறைந்தது.

சனிக்கிழமை. இன்று செவ்வாய்தான். அதுவரை அவளைத் தேடி யாரும் வரப்போவதில்லை.

கண்ணை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

பக்கத்து இடுக்கில் மண் உதிர்ந்தது. நகம் பிராண்டும் சத்தம். பொறுமையாக, பழகிய கை.

பிறகு அவள் கன்னத்தோடு ஒட்டி, இன்னொரு கன்னம். பனிக்கட்டி போல. அதுவும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.