மூன்று மீட்டர்

ஞாயிறு மாலை வளைய ரயிலில் கூட்டம் அதிகம். பாதிப் பேர் வீடு திரும்புகிறவர்கள். மீதிப் பேர் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள். பரணிதரன் இரண்டாவது வகை. ஏழு வயது மகள் மிளிர் அவன் தோளில் சாய்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தாள். இருவர் மணிக்கட்டிலும், யார் நேரத்தில் பிள்ளை யாரிடம் இருக்கிறது என்று கண்காணிக்கும் உரிமைக் காப்பு பச்சையாக ஒளிர்ந்தது. ஆறு மணிக்குள் அவளை அவள் அம்மா சுகந்தியிடம் ஒப்படைக்க வேண்டும். விவாகரத்தான நாளிலிருந்து வாராவாரம் நடப்பதுதான்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு, இறங்க வேண்டிய நிலையத்துக்குச் சற்று முன்னால், ரயில் நின்றது. காப்பு மஞ்சளானது.

பரணி நேரத்தைப் பார்த்தான். தன் நேரம் முடிந்த பிறகும் மகள் மூன்று மீட்டருக்குள் இருந்தால், சட்டத்தில் அதற்குப் பெயர் குழந்தைக் கடத்தல். ரயில் நின்றதா, மழை பெய்ததா என்றெல்லாம் காப்பு விசாரிக்காது. அவளுக்குப் பதினெட்டு வயதாகும்வரை பார்க்கவே முடியாது, அவ்வளவுதான்.

சுகந்தியை அழைத்தான். "ரயில் நின்னுடுச்சு. ஒரு பத்து நிமிஷம் நீட்டிச்சு விடேன்."

"எங்கேருந்து நீட்டிக்கிறது? எல்லாரும் நீட்டிக்கிறாங்கன்னு அந்த பட்டனையே எடுத்துட்டாங்களே!" அவளும் பதறினாள். "கொஞ்சம் முன்னாடியே கிளம்பினா என்ன நீ?"

"இன்னொரு தடவை ராட்டினம் சுத்தணும்னு கேட்டா, சுகந்தி."

ஐந்து ஐம்பத்தேழு. காப்பு சிவப்பாகத் துடித்தது. மிளிர் மடியிலிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"அப்பா, என்னைத் தொலைச்சிடு."

"என்னடி சொல்ற?"

"கூட வச்சிருந்தாத்தான் கடத்தல். காணாமப் போனா கேஸ் கிடையாது, ஸ்டேஷன்ல அம்மாகிட்ட குடுத்துடுவாங்க. ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்துட்டாங்க. எங்க கிளாஸ் அகரன் மூணு தடவை தொலைஞ்சிருக்கான்."

அவன் அவள் கையை இறுகப் பற்றினான்.

"விடுப்பா. நேரமாகுது."

அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அடுத்த பெட்டிக்குள் நடந்தாள். அங்கே ஓர் அம்மாள் தன் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்திருந்தாள். மிளிரைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஆறு மணி. காப்பு ஒருமுறை அதிர்ந்து அணைந்தது. கடத்தல் இல்லை.

இடைக்கதவு பாதி திறந்தே இருந்தது. அந்த அம்மாளின் குரல் கேட்டது. "நீயும் தொலைஞ்சிட்டியா கண்ணு? யார் கூட வந்த?"

மிளிர் நிமிர்ந்து அவனையே பார்த்தாள்.

"யார் கூடவும் இல்ல ஆன்ட்டி," என்றாள். குரல் பிசிறவே இல்லை.