பூதத்தைப் பூட்டிய பாட்டு

பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு ராஜமேரி சொல்லும் கதைகளில் கத்திக்கு வேலையே இல்லை. எல்லாம் பாட்டுதான். பாட்டுப் பாடினால் மலை திறக்கும், ஆறு விலகும், அரக்கன் கொட்டாவி விடுவான். பாட்டையெல்லாம் அவளே கட்டுவாள்.

காலாண்டு விடுமுறைக்கு முதல் நாள், கதையில் வந்த பூதத்தைக் கிணற்றுக்குள் தள்ளிவிட்டு, பூட்டுப் பாட்டுப் பாடினாள்:

“ஏழு பூட்டு, ஏழு சாவி,
எடுத்துப் போச்சு காவேரி!”

அதற்குள் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பறந்தார்கள். பாவம், பூதம் உள்ளேயே கிடந்தது.

விடுமுறையில் ஒருநாள் தோழி தீர்த்தம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். இடுப்பில் வெறுங்குடம்.

“ஏ புள்ள, எங்க தோட்டத்துக் கெணத்துல ஆரோ உன் பாட்டப் பாடறாங்க!”

“காத்தா இருக்கும்.”

“காத்துக்குக் காவேரின்னு சொல்லத் தெரியுமா? நான் தண்ணிக்குப் போவ மாட்டேன்னதும், எங்கம்மாவே கைக்கொழந்தையோட போறேங்குது. உள்ள இருக்கறது அவங்களப் புடிச்சிக்கிட்டா? கூத்துல மங்களம் பாடாம ஆராச்சும் எந்திரிப்பாங்களா? நீதான் பாதியில வுட்டுட்ட!”

ராஜமேரிக்குப் பயமாக இருந்தது. ஆனால் பூதத்தை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. இத்தனை நாளும் பட்டினி அல்லவா! “மாதாவே, காப்பாத்து” என்று முணுமுணுத்துக்கொண்டே தன் மதியச் சாப்பாட்டைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டாள்.

உச்சி வெயில். கிணற்றடியில் ஒரு காக்கைகூட இல்லை. தண்ணீர் அசையாமல் கறுத்துக் கிடந்தது. அடியிலிருந்து ஈரமான குரல் ஒன்று மெல்ல வந்தது.

“ஏழு பூட்டு... ஏழு சாவி...”

தீர்த்தம்மாள் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். ராஜமேரி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துப் பாடினாள்:

“சாவி தந்தா காவேரி,
தானாத் தெறந்தது பூட்டெல்லாம்!
சூடா இருக்குது ராகிக் களி,
தின்னுட்டு வூடு போ, பூதண்ணே!”

களி உருண்டையை வாளியில் வைத்துக் கீழே இறக்கினாள். குரல் நின்றது. கயிறு லேசாக ஆடியது.

“தொட்டுக்க என்ன?” என்று கேட்டது கிணறு.

ராஜமேரி ஓடத் திரும்பினாள். தீர்த்தம்மாள்தான் விடவில்லை. “எங்க வூட்டுல கீரைக் கடைசல் இருக்குது, இரு!” என்று கிணற்றுக்குள் கத்திவிட்டு, ஒரே ஓட்டமாக ஓடிக் கொண்டுவந்தாள்.

கீரையும் இறங்கியது. மேலே வந்தபோது வாளி கழுவி வைத்ததுபோல இருந்தது.

தீர்த்தம்மாள் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “எங்கம்மா கெளம்பறதுக்குள்ள போயிரலாம், வா” என்றாள்.

இருவரும் வரப்பில் ஏறும்போது, பின்னால் கிணற்றுக்குள்ளிருந்து நீளமாக ஓர் ஏப்பம் கேட்டது.