அப்பா வரைந்த தொட்டாவாடி

அம்மா இறந்த மறு வருடம் அப்பா படம் வரையத் தொடங்கினார். எனக்கு அப்போது பத்து வயது.

வலியசாலையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அம்மா வளர்த்த தொட்டாச்சிணுங்கிச் செடி ஒன்று இருந்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் அது தொட்டாவாடி. அப்பாவின் முகம் வாடினாலும் அம்மா அப்படித்தான் கூப்பிடுவாள். "என்ன ஆச்சு, தொட்டாவாடி?"

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பா ஒரு நோட்டை என் முன்னால் வைத்தார்.

"ஜானவி, நீ டிராயிங்ல பிரைஸ் வாங்கினவளாக்கும். தப்பு இருந்தா சொல்லணும், கேட்டயா?"

கழக்கூட்டத்து ஆபீசில் மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அப்பாவின் வேலை. இப்போது அவரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஐந்து பக்கங்கள். ஐந்திலும் ஒரு தண்டு, அதிலிருந்து தொங்கும் குச்சிகள். விரிந்த இலை ஒன்றுகூட இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி அபிஜித் எட்டிப் பார்த்தான். "ஐய, மீன் முள்ளு!"

"நம்மாத்துல மீன் முள்ளை எங்கடா பாத்தே?" என்றேன்.

"தெருவுல. பூனை வாயில."

அப்பா சிரிக்கவில்லை. "சும்மா கிறுக்கினேன்" என்று நோட்டை மூடி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார். அம்மா போன பிறகு அவர் ஆசையாகச் செய்தது இது ஒன்றுதான். இதுவும் நின்றுவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

தினமும் காலையில் மாடிக்குப் போகும் அப்பா மறுநாள் போகவில்லை. நான் ஸ்டூல் போட்டு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். வெயிலில் செடி முழுக்க விரிந்திருந்தது. தண்டில் முள் இருந்த இடத்திலெல்லாம் படத்திலும் முள் இருந்தது. பிறகு இலை மட்டும் எங்கே போனது?

யோசித்தபடியே ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். இலைகள் ஜோடி ஜோடியாக மூடின. காம்புகள் சரிந்தன. நோட்டைப் பார்த்தேன். செடியைப் பார்த்தேன். அதே சரிவு! அப்பா ஒரு கோடுகூடத் தப்பாகப் போடவில்லை.

கீழே ஓடி அவரை இழுத்து வந்தேன்.

"வரையறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவேள்?"

"போன ஒடனே ஜலம் விடுவேன். அப்புறந்தான் உக்காந்து செடியைப் பாப்பேன். அம்மா கார்த்தாலே விடுவாளோல்லியோ?"

"சாயங்காலம்?"

"நான் வரச்சே இருட்டியிருக்கும். அது தூங்கிண்டிருக்கும்."

"அப்போ இது முழிச்சிண்டு நீங்க பாத்ததே இல்லை! உக்காருங்கோ. தொடப்படாது."

காத்திருந்தோம். கோயில் மணி அடித்து ஓய்ந்தது. முதலில் ஒரு காம்பு நிமிர்ந்தது. பிறகு ஒரு ஜோடி இலை. அடுத்த ஜோடி. அதற்கடுத்தது. நாங்கள் மூச்சைக்கூட மெதுவாக விட்டோம்.

"இத்தனை இலையா!" அப்பாவின் குரல் அடங்கிப் போயிருந்தது. "இதைத்தான் அவ தெனமும் பாத்துண்டிருந்தாளா?"

ஐந்தாம் பக்கத்தின் அடியில் நான் பென்சிலால் எழுதினேன்: 'ஐந்தும் சரி. இனிமேல் படம் முதலில், ஜலம் பிறகு.'

அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு ஆறாம் பக்கத்தைப் புரட்டினார்.

பாதி வரைந்திருப்பார். அபிஜித் தடதடவென்று படியேறி வந்தான்.

"மெள்ள வாடா! தொட்டாவாடி மூடிண்டுடும்!" என்றேன்.

அவன் ஒற்றைக் காலில் நின்றான். "யாரு? செடியா, அப்பாவா?"

அப்பா சிரித்த சிரிப்பில் அவர் முழங்கால் தொட்டியில் இடித்தது. செடி சட்டென்று மூடிக்கொண்டது. அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார்.