முதல் பட்டம் வென்றவருக்கு வாழ்த்து தெரிவித்தல் தொடர்பாக

மாமல்லபுரம் கடலோரத்து ரிசார்ட் ஒன்றின் ஊழியர் மெஸ்ஸில், அந்த ஞாயிறு மதியம் நான்கு பேர் இருந்தார்கள். சமையல் பொறுப்பைப் பார்க்கும் சந்திரம்மா, அடுப்படி வாசலில் வெங்காய மூட்டைமேல். செக்யூரிட்டி ஜெரோம், கதவோரம் கவிழ்த்த பக்கெட்டில், தொப்பி மடியில். சந்திரம்மாவின் அண்ணன் மகள் ரூத், செங்கல்பட்டிலிருந்து அத்தையைப் பார்க்க வந்தவள், டிவிக்கு நேரெதிரே பச்சை நாற்காலியில்.

நான்காவது ஆள் பார்த்திபன். அவன் மட்டும் உட்காரவில்லை. அவனுடைய நாற்காலியில்தான் ரூத் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க... இது என் சேரு."

"பேரு எழுதியிருக்கா?"

"எழுதலீங்க. ஆனா டென்னிஸ் ஃபைனல்னா நான் இங்கதான் உக்காருவேன். மாறி உக்காந்தா என் ஆளு தோத்துடுவான்."

"உங்க ஆளு இதுவரைக்கும் எத்தினி பெரிய கப்பு ஜெயிச்சிருக்காரு?"

ஜெரோம்தான் சிரித்துக்கொண்டே சொன்னான். "மூணு ஃபைனல் வந்தாம்மா. மூணும் பூட்ச்சு. மூணு தடவயும் நம்ம மச்சான் அதே சேர்லதான் குந்திகினு இருந்தாரு."

"அப்ப நான் எழுந்துக்காம இருந்தாத்தான் உங்க ஆளுக்கு நல்லது," என்றாள் ரூத்.

அவன் அவளைப் பார்த்தான். கோபமாகத்தான் பார்க்க ஆரம்பித்தான்... பாதி வழியில் அந்தக் கோபம் எங்கோ இறங்கிப் போய்விட்டது. வெயிலில் கருத்த முகம் அவனுக்கு. அதில் அந்தக் கண்கள் மட்டும் இப்போதுதான் கழுவி வைத்த மாதிரி... ரூத் சட்டென்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே மழை. தை மாதத்தில் பெய்யக் கூடாத மழை. தகரக் கூரைமேல் அது கொட்டிய கொட்டில், ஆஸ்திரேலியாவில் நடந்த ஆட்டத்தின் சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஒல்லியாக ஒரு பையன், இருபத்து மூன்று வயது இருக்கும், வாயைத் திறந்து எதையோ கத்தினான். பந்து கோட்டில் பட்டது. அடுத்த நிமிடம் அவன் தரையில் மல்லாந்து விழுந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"இன்னா ஆச்சு? அடிபட்டுச்சா?" என்று பதறினாள் ரூத்.

"என் ஆளு ஜெயிச்சுட்டான்ங்க..." என்றான் பார்த்திபன். குரல் உடைந்திருந்தது. "மொத தடவ."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனவன், தாழ்வாரத்தில்கூட நிற்காமல் மழையில் நின்றான். முகத்தை மேலே தூக்கிக்கொண்டு. 'மழையில நனைஞ்சா கண்ணு மட்டுமா செவக்கும்?' என்று நினைத்துக்கொண்டாள் ரூத். அவளுக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

"அவன் இங்க மார்க்கரு. வர்ற கெஸ்ட்டுங்களோட டென்னிஸ் ஆடிக் குடுக்கறவன்," என்றாள் சந்திரம்மா. "பைத்தியம் மாதிரி ஒரு பழக்கம் கீது அவனுக்கு. எவனாவது மொத தடவ பெரிய கப்பு ஜெயிச்சா லெட்டர் போடுவான். இதுவரைக்கும் நாலு போட்டுக்கிறான். ஒருத்தனும் பதில் போடல. இவன் இங்கிலீஸு அப்டி." பிறகு மழையைப் பார்த்துக் கத்தினாள். "டேய் பார்த்தி, எங்கண்ணன் பொண்ணு செங்கல்பட்டுல மனு எழுதறவ. அவகிட்ட போ. நல்லா எழுதிக் குடுப்பா."

"அத்த..." என்று ரூத் இழுத்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

*

அவன் வார விடுப்பு செவ்வாய்க்கிழமை. கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே ரூத் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடைக்கு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றான். முதியோர் பென்ஷன், பட்டா மாற்றம், ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தல்... ஒரு நாளைக்கு இருபது மனுவாவது எழுதுகிற கை அவளுடையது. வாழ்த்தும் அப்படியே வந்தது. தமிழில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு இங்கிலீஷில் மாற்றலாம் என்று ஆரம்பித்தாள். அனுப்புநர், பெறுநர். பிறகு, 'பொருள்: முதல் பட்டம் வென்றமை – வாழ்த்து தெரிவித்தல் – தொடர்பாக.'

எட்டிப் பார்த்த பார்த்திபனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏங்க, நான் இன்னா அவர்கிட்ட பட்டாவா கேக்கறேன்?"

"சிரிக்காதீங்க. இப்படி எழுதித்தான் எவ்ளோ பேருக்கு வேல நடந்திருக்கு. அடுத்து 'பார்வை'ன்னு ஒரு வரி வரும். எதப் பாத்துட்டு எழுதறோம்னு அதுல போடணும். மேட்ச் நடந்த தேதி சொல்லுங்க."

அவன் தலையைச் சொறிந்தான். "தேதி தெரியும்... ஆனா அன்னிக்கு நான் மேட்ச சரியாவே பாக்கலீங்க."

ரூத்தின் பேனா நின்றது. காது மடல் சூடாவது அவளுக்கே தெரிந்தது. அதை மறைக்க எதையாவது கேட்க வேண்டும்... கேட்டாள். "ஆமா, நீங்க ஏன் போட்டிக்கெல்லாம் போறதில்ல? நல்லா ஆடுவீங்கன்னு அத்த சொன்னாங்க."

"ஸ்டேட் ஃபைனல் ஒண்ணு ஆடினேன். தோத்துட்டேன். வுட்டுட்டேன்."

"மூணு ஃபைனல் தோத்தவருக்கு வாழ்த்து எழுதறீங்க... நீங்க ஒண்ணுக்கே பேட்ட கீழ வெச்சுட்டீங்களா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வெளிய உக்காந்துகினு சொல்றது ஈஸிங்க," என்றான் அவன், மெதுவாக. "உங்ககிட்ட வர்றவங்க எல்லாம் உங்களுக்கு மனுதாரருதான் போல."

போய்விட்டான். பாதி எழுதிய தாள் மேஜைமேல் கிடந்தது. ரூத் அதைக் கிழிக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். 'நான் ஏன் போன் பண்ணணும்? கோவிச்சுகினு போனவரு பண்ணட்டும்...' அடுத்த செவ்வாய் அவன் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. கடை வாசலில் இஸ்திரிச் சட்டை தெரியும்போதெல்லாம் அவள் தலை நிமிர்ந்தது, குனிந்தது.

இதற்கு நடுவில் அப்பா ஏசுதாஸ் ஒரு செய்தியோடு வந்தார். ஊரப்பாக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். பையனுக்கு நல்ல வேலை, சொந்த வீடு. "இன்னாம்மா, வரச் சொல்லட்டா?" ரூத் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் மாமல்லபுரத்தில் யாருக்கோ பந்து போட்டுக்கொண்டிருந்தது.

*

சனிக்கிழமை. தபால் நிலையம் மூட இன்னும் அரை மணி நேரம். கடைக்குள் ஒரு நிழல் விழுந்தது. இந்த முறை சட்டை இஸ்திரி போடவில்லை.

"லெட்டர முடிக்கணுங்க. இன்னிக்கே," என்றான் பார்த்திபன். "ஆனா அந்தப் பொருள் எல்லாம் வேணாம். நான் தமிழ்ல சொல்லிகினே போறேன். நீங்க இங்கிலீஷ்ல எழுதிகினே வாங்க."

ரூத் புதுத் தாள் எடுத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஐயா, நீங்க ஜெயிச்சதுல ரொம்ப சந்தோசம்..." அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "மூணு தடவ தோத்துட்டு, நாலாவது தடவ எப்டி உள்ள வந்து நின்னீங்க? நான் ஒரே தடவ தோத்து வுட்டுட்டேன். அத ஒருத்தங்க சொன்னாங்க. கோவிச்சுகினு வந்துட்டேன். அவங்க சொன்னது கரெக்ட்டு. இப்ப தெனம் காலைல அஞ்சரைக்கு எழுந்து ஆடிகினு கீறேன்."

பேனா ஓடியது. எழுத்து சாய்ந்தது.

"அவங்கள நாளைக்கு வேற ஒருத்தர் பொண்ணு பாக்க வராராம். அவங்க அத்த சொன்னாங்க. எனக்கு அவங்கள ரொம்ப புடிச்சிருக்கு. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல... இதான் மொத தடவ."

"இதையுமா எழுதணும்?"

"எழுதுங்க."

"அவங்க... பேரு?"

"நான் சொன்னா தப்பாயிடும்ங்க. ஸ்பெல்லிங் உங்களுக்குத்தான் கரெக்ட்டா தெரியும்."

மின்விசிறி கிறீச்சிட்டது. ரூத் நான்கே நான்கு எழுத்தை எழுத ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டாள்.

பிறகு தாளைப் பார்த்தபடியே கேட்டாள். "அவங்க வூட்ல சர்ச்சு. உங்க வூட்ல கோயிலு, நெலம்... உங்க ஊரு படாளத்துல ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்க மாட்டாங்க. ரெண்டாவது தடவ கேட்டாலும் மாட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறமும் கேப்பேன்."

ரூத் பேனாவை மறுபடி எடுத்தாள். அவனுடைய கையெழுத்துக்கு இடம் விட்டு, அதற்குக் கீழே தானாக ஒரு வரி எழுதினாள். சின்ன வரி.

"அது இன்னாங்க? நான் சொல்லலியே."

"கையெழுத்துப் போடுங்க. நேரமாவுது."

அவன் போட்டான். அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அவள் தாளை மூன்றாக மடித்து உறைக்குள் தள்ளிவிட்டாள். கோந்து தடவி, கட்டை விரலால் ஓரம் முழுக்க அழுத்தி ஒட்டினாள். பிறகு போனை எடுத்தாள். "அப்பா... நாளைக்கு அவங்கள வர வேணாம்னு சொல்லிடுப்பா. ஆமா... காரணம் கீது. சாயங்காலம் வூட்டுக்கு வந்து உக்காந்து சொல்றேன்."

பார்த்திபன் உறையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டான்.

இருவரும் தபால் நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். கவுண்டரில் இருந்த அம்மாள் உறையை எடை போட்டு, வெளிநாட்டுத் தபால்தலைகளை ஒட்டி, முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

"இப்பவாவது சொல்லுங்க," என்றான் பார்த்திபன், கெஞ்சாத குறையாக. "கடைசியா இன்னா எழுதினீங்க?"

ரூத் அவனை நேராகப் பார்த்தாள். அன்று டிவி பக்கம் திரும்பிக்கொண்ட கண்கள், இன்று எங்கேயும் திரும்பவில்லை.

"'அவளுக்கும் இவரப் புடிச்சிருக்கு'ன்னு எழுதினேன்..."

கவுண்டர் அம்மாள் கடிதத்தைப் பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டு, அதன் வாயை இழுத்துக் கட்டினாள்.