தகரத்தில் விழும் சொட்டு

மோட்டாரை நான் போடவே இல்லையே.

அரிசி களைந்த கையை அப்படியே நிறுத்தி, மெர்சி பின்பக்கம் காது கொடுத்தாள். டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழியும் குழாய்க்கு நேர் கீழே, தரையில் ஒரு பழைய தகரத்தைச் சாய்த்து வைப்பது அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் வழக்கம். தகரம் சத்தம் போட்டால் மோட்டாரை நிறுத்த வேண்டும். காக்களூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டின் இயந்திர இரைச்சலும் ரப்பர் எரியும் வாடையும் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிற நேரத்திலும், அரைத் தூக்கத்திலும்கூட, அந்தச் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்கும். அது அவளுடைய வேலை.

ஆனால் சுவிட்ச் அணைந்துதான் இருந்தது.

சில நாட்களாகவே இப்படித்தான். தன் படுக்கையறைச் சுவர் ஈரம் கண்டு பொரிந்துவிட்டதென்று, கீழே குடியிருக்கும் வீட்டுக்காரி ஜோதிலட்சுமி தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று காலை சர்ச்சுக்குக் கிளம்பிய மெர்சியைப் படியிலேயே மறித்தாள்.

"மீனு கூட இவ்ளோ தண்ணி செலவு பண்ணாது மெர்சி. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அத்த நிறுத்து. இல்லாங்காட்டி ஊட்ட காலி பண்ணிக்கினு போய்க்கினே இரு."

மெர்சிதான் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறாள் என்று அவள் கணவன் எட்வர்ட் முதல் நாளே முடிவு கட்டியிருந்தான். காது மட்டுமல்ல, அவளுக்கு மூளையும் செவிடு என்றான். அவள் சரிங்க என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் அதிகம் சொன்னது அந்த ஒரு சொல்லைத்தான். சொல்லச் சொல்ல அது அவளுக்குள் தேங்கி நிறைந்து, வேறு சொல்லுக்கு இடமில்லாமல் போயிருந்தது.

எட்வர்ட் எஸ்டேட்டில் ஃபிட்டர். மதியம் சாப்பிட்டு எழுந்ததும் தொட்டிக்குள் பந்து மிதக்கும் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டினான். மேலே ஏறும் குழாயின் வால்வைத் திருகி மூடினான். மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். இனி ஒரு சொட்டு உள்ளே போக வழியில்லை.

இருவரும் மாடிச் சுவரோரம் நின்று காத்திருந்தார்கள்.

டொக்.

அவன் முகத்தில் ரத்தம் ஏறியது, ஏதோ அவளே சொட்டியதுபோல அவளைப் பார்த்தான். "உள்ள எதுனா உய்ந்து கெடக்குது. எலியோ காக்காவோ. ஊறி உப்பிக்கினு தண்ணியத் தள்ளுது. நீதான மூடியத் தொறந்து போட்ட?"

அவள் திறக்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் ஏறி, மூடிமேல் இருந்த செங்கல்லை நகர்த்திவிட்டு மூடியைத் திருகினான். உள்ளிருந்து வந்த வாடை அழுகல் வாடை அல்ல. ஈரத் தலைமுடியின் வாடை, வெதுவெதுப்பாக, அப்போதுதான் தூங்கி எழுந்த யாரோ முகத்துக்கு நேராக மூச்சு விட்டதுபோல. அவன் குப்புறப் படுத்து இடது கையைத் தோள்வரை உள்ளே விட்டான். கை போனால் தண்ணீர் ஏறும், தகரம் படபடவென்று அடித்துக்கொள்ளும். அவள் அதற்காகக் காத்திருந்தாள்.

சொட்டு நின்றுவிட்டது.

கிடைத்ததா என்று கேட்டாள். அவன் தோள் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியது.

"துணி மாரி கீது," என்றான் பிறகு. "இய்த்தா... அதுவும் இய்க்குது."

சிரித்தான். அவளிடம் அவன் சிரிப்பதில்லை.

"ஏறி வாமே."

சரிங்க. ஏறினாள்.

தொட்டி விளிம்பில் கன்னத்தை அழுத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் இமைக்கவில்லை. சாயங்கால வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அவன் கையும் இறங்கியிருந்தது. முழங்கை. அதற்குக் கீழேயும் கை. அதற்கும் கீழே. ஆள் உயரத் தொட்டியின் அடிவரைக்கும் கை.

அடியில் விரல்கள் கோத்துக் கிடந்தன. அவன் விரல்கள். வேறு விரல்களும்.

"உன் கையக் குடு, மெர்சி. ஒர்த்தனால முடில."

இத்தனை வருடத்தில் அவன் இவ்வளவு மென்மையாகப் பேசியதில்லை. அதனால்தான் அவள் ஏணிச் சட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

கீழே தகரத்தில் டிங் என்றது.

தண்ணீர் அல்ல. எட்டிப் பார்த்தாள். வழிகுழாயிலிருந்து விழுந்தது தகரத்தில் உருண்டு, சுற்றி, அடங்கியது. அவனுடைய கல்யாண மோதிரம்.

"நின்னுடுச்சா மெர்சி?" கீழிருந்து ஜோதிலட்சுமி கேட்டாள். "அப்பாடா. இத்த மொதல்லயே செஞ்சிருக்கலாமில்ல?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவன் கன்னத்துக்கு. உதட்டோரத்துக்கு. குழாய் சொட்டவில்லை.

"ஒரு கை. ஒண்ணே ஒண்ணு."

உதடுகள் மூழ்கின. குமிழி வரவில்லை. கண்கள் அவள் கையைப் பார்த்தன.

"குடும்மா."

இந்த முறை குரல் வழிகுழாயின் வாயிலிருந்து வந்தது.

சரிங்க என்பது தொண்டையில் ஏறிப் பல்வரை வந்து நின்றது. மெர்சி அதை விழுங்கினாள். இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டாள்.

"மாட்டேன்," என்றாள், மெதுவாக.