கல்லாந்துறை மாதாவின் முகம்

காலை ஒன்பதரைக்குத் தமயந்தி கைகளைக் கழுவித் துடைத்து, கையுறை மாட்டிக்கொண்டு அன்றைய முதல் புத்தகத்தைத் தோல்மானி இயந்திரத்தின் அடியில் வைத்தாள். மதுரை மூலக் கணிப்பகத்தில் இது அவளுக்குப் பதினோராவது வருடம். கன்றுத் தோலில் எழுதி, ஓரமெல்லாம் பொன் பூசி, படம் தீட்டிய பழைய ஜெபப் புத்தகங்கள்தான் அவள் பிரிவு. தோலின் டி.என்.ஏ., வண்ணத்தில் கலந்த கல், பொன்னுக்கு அடியிலிருக்கும் பசை எல்லாவற்றையும் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் படித்துவிடும். பிறந்த வருடத்தையும் ஊரையும் அது சொல்ல, அவள் சரிபார்த்துக் கையெழுத்திடுவாள்.

ஒரு புத்தகத்தின் பிறந்த ஊரைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று முன்பு கேட்டிருப்பார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. கடல் கரையோர ஊர்களை விழுங்கிய பிறகு, மிச்சமிருந்த மேட்டு நிலத்துக்கு எல்லோரும் உரிமை கொண்டாடினார்கள். பட்டாவைப் போலியாகத் தயாரிக்கலாம், ஐந்நூறு வருடத் தோலைத் தயாரிக்க முடியாது என்று பத்து நாடுகள் கூடி முடிவு செய்தன. அன்றிலிருந்து ஓர் ஊர்மக்களிடமுள்ள மிகப் பழைய வேதப் புத்தகம் எங்கே உருவானதோ, அங்கேதான் அவர்களுக்கு இடம். சட்டம் போட்டவர்கள் யாரும் ஊரை இழந்து அகதி முகாமில் இருந்தவர்கள் இல்லை.

மேசைக்கு எதிரே தொம்மை மச்சாது உட்கார்ந்திருந்தார். மூழ்கிப்போன கல்லாந்துறையின் ஊர்த் தலைவர். முகாமில் இருக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்காக வந்திருந்தார். வள்ளியூர் மேட்டில் நிலம் கேட்டிருந்தார்கள். அங்கிருந்து புதிய கடற்கரை எட்டு கிலோமீட்டர்தான். வலையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம்.

"எங்க மாதா கோயில் பொஸ்தகம் மேடம். எங்க பாட்டன் பூட்டன் காலத்துலயே எங்க ஊருல எழுதுனது" என்றார் பெருமையாக.

தோல்மானி வேறு மாதிரி சொன்னது. 1468, ஏழு வருடம் முன்பின். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் மேய்ந்த கன்றுகளின் தோல். முன்பக்க நாள்காட்டியைத் தமயந்தி புரட்டிப் பார்த்தாள். அந்த மலைநாட்டு மடம் ஒன்று மட்டுமே கொண்டாடும் புனிதரின் திருநாள் பொன்னெழுத்தில் இருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை. பின்னாளில் ஏதோ கப்பலேறி கல்லாந்துறைக்கு வந்திருக்கிறது.

அவள் பதறவில்லை. சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. ஒரே இடத்தில் முந்நூறு வருடம் தொடர்ந்து வழிபட்ட தடம் புத்தகத்தில் இருந்தால், அந்த இடமே மூல ஊர்.

"ஐயா, இந்தப் புத்தகத்தை நீங்க எப்படிக் கும்பிடுவீங்க?"

"சனிக்கிழமை சாயங்காலம் ஜெபம் முடிஞ்சதும் மாதா படத்த ஒவ்வொருத்தரா முத்தி செய்வோம். பச்சப்புள்ளயில இருந்து கெழடு வரைக்கும்."

தமயந்திக்கு மனசு லேசானது. முந்நூறு வருட முத்தம் என்றால் எச்சில், தோலின் எண்ணெய், தேங்காயெண்ணெய் விளக்கின் புகை, உப்புக்காற்று எல்லாம் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். எந்தக் கரையின் உப்பு என்பதுவரை தோல்மானி சொல்லிவிடும். மாதா படத்தை விரித்தாள்.

முகம் பளிச்சென்று இருந்தது. ரோஸ் கன்னம், சிவந்த உதடு, புத்தம் புதிய வண்ணம்.

"இது யார் செஞ்சது?"

"நாங்கதான்!" மச்சாது சிரித்தார். "மொகமெல்லாம் கறுத்துக் கரிக்கட்டையா இருந்துச்சு. கவர்மெண்டு ஆபீசுக்குக் கொண்டுபோற சாமானு, அப்பிடியேவா கொண்டுவாரது? திருநாளுக்கு முன்னால கோயிலுக்கு வெள்ளையடிப்போம்லா, அது மாதிரித்தான். பொம்பளைங்க மூணு நாளு ரொட்டித் துண்டு வச்சித் தொடச்சாங்க. சப்பரம் அலங்கரிக்கிற எங்க ஆளுதான் பெயிண்ட் அடிச்சான்."

தமயந்திக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அவர்மேல் இல்லை, யார்மேல் என்றும் தெரியவில்லை. மதியம் சாப்பிடாமல் தேடினாள். தையலின் இடுக்கு, பக்கத்தின் ஓரம், விரல் பட்ட மூலை என்று ஒன்றையும் விடவில்லை. நாற்பது வருடத் தடம்தான் மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் ரொட்டித் தூளோடு போய்விட்டது.

நாலு மணிக்கு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இனி புத்தகம் பிறந்த ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில்தான் அவர்களுக்கு இடம்.

"ஊர் பேர மட்டும் மாத்திப் போட முடியாதா, தாயி?"

"போட்டுடுவேன் ஐயா. ஆனா பத்து நாட்டுலயும் திரும்ப மிஷின்ல வச்சுப் பார்ப்பாங்க. பொய்னு தெரிஞ்சா உங்க ஆளுங்களுக்கு எங்கயுமே இடம் கிடைக்காது."

"அந்த மலையில இருந்து கடல் எம்புட்டு தூரம்?"

"முந்நூறு கிலோமீட்டர் இருக்கும்."

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். வலைக்கயிறு இழுத்துக் காய்த்துப்போன கைகள்.

"அங்க போயி நாங்க முத்தி செய்ய ஆரம்பிச்சா, அது எங்க ஊருன்னு இந்த மிஷினு எப்பச் சொல்லும்?"

அந்த ஊர் ஏற்கெனவே காகிதத்தில் அவர்களுடையதுதான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "முந்நூறு வருஷம் ஆகும், ஐயா" என்றாள்.

"சரி. இனிமே ஒருத்தரையும் தொடைக்க விடமாட்டேன்."

அவர் குனிந்து அந்த ரோஸ் கன்னத்தில் உதடு பதித்தார். கையுறை இல்லாமல் யாரும் புத்தகத்தைத் தொடக் கூடாது என்பது கணிப்பக விதி. தமயந்தி தடுக்கவில்லை. புதிய தடம் எதுவானாலும் உடனே பதிய வேண்டும் என்பதும் விதிதான். தேதியை எழுதினாள், நேரத்தை எழுதினாள், முத்தமிட்டவர் பெயரை எழுதினாள். ஊர் என்ற கட்டத்தில் எதை எழுதுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. வெறுமையாகவே விட்டுக் கையெழுத்திட்டாள்.