நாலுக்கு அப்புறம்

"நாலு வரைக்கும்தான் இருக்கு. நானே பாத்துட்டேன்."

"அதுக்கு அப்புறமும் ஒண்ணு சொன்னான், சுஹாஸ்."

"என்ன சொன்னான்?"

"வான்னு."

சுஹாஸ் கிட்டாரைக் கழுத்திலிருந்து இறக்காமலேயே குனிந்து லேப்டாப்பைச் சிரில் பக்கம் திருப்பினான். திரையில் அமலின் குரல் நாலு பச்சை மேடுகளாகக் கிடந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அதற்குப் பிறகு வெறும் கோடு.

"எண்ணிக்கோ குரு. நாலு. சும்னே தலையப் போட்டு உடைச்சுக்காத. நீ தூங்கியே ரெண்டு மாசம் ஆச்சு," என்றான் தன் கன்னடம் கலந்த தமிழில்.

"எனக்கும் நாலுதான் கேட்டுது," என்றாள் வீணா. மைக்கைப் பிடித்தபடி மேடை நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் பாடுகிறவள்.

சிரில் டிரம்ஸின் பின்னால், கையில் குச்சிகளோடு உட்கார்ந்திருந்தான். மணி மூன்றுகூட ஆகவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனி வளாகத்துக்குள், கண்ணாடிக் கட்டடங்கள் மூன்று பக்கமும் சூழ்ந்த திறந்த அரங்கம். மேகம் இறங்கி நின்றிருந்தது. நனைந்த புல்லின் வாசனையும், கேன்டீனிலிருந்து பருப்பு கொதிக்கிற வாசனையும், எங்கோ தரை துடைத்த பினாயில் வாசனையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அவை எல்லாம் வருகின்றன என்று அவனுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நாளாக எல்லாமே அவனுக்கு அப்படித்தான், வேறு யாரோ முகர்ந்து பார்த்துச் சொன்ன மாதிரி.

மேடையில் அவர்கள் மூவரும் காதில் இன்-இயர் மாட்டியிருப்பார்கள். காதுக்குள் அச்செடுத்து அவரவருக்கென்று வார்த்த ரப்பர் குமிழ்கள். மாட்டிவிட்டால் பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் கேட்காது. தாளத்தைக் காட்டும் டக் டக்கும், அடுத்து எது என்று சொல்லும் ஒரு குரலும்தான் உள்ளே ஒலிக்கும். கூட்டத்துக்கு அது கேட்காது. அந்தக் குரல் அமலுடையது. பேஸ் கிட்டார் வாசித்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால், ரிச்சர்ட்ஸ் டவுனில் தன் வீட்டு அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, சளியோடு, பதினோரு பாட்டுக்கும் எண்ணிப் பதிவு செய்திருந்தான். மூன்றாவது பாட்டில் எண்ணுவதற்கு முன்னால் ஒருமுறை மூக்கை உறிஞ்சுவான். செத்து ஒன்பது வாரமாகியும் மேடைக்கு மேடை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"அழிச்சிரலாம் வீணா. நான் எண்ணித் தரேன். என் குரல போடுங்க," என்றான் சிரில்.

"அவன் குரல அழிச்சிட்டுத்தான் மேடை ஏறணும்னா, எனக்கு இந்த பேண்டே வேணாம்." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு, குரலைத் தணித்துக்கொண்டு, "கேத்தரின் ஆன்ட்டி நேத்து போன் பண்ணாங்கடா. மறுபடி அதையேதான் கேக்கறாங்க," என்றாள்.

கேத்தரின் ஆன்ட்டி அமலின் அம்மா. கேட்கிற கேள்வி ஒன்றுதான். *கடைசியா எதாவது சொன்னானாப்பா?* அடக்கத்தன்று கல்லறை வாசலில் சிரிலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு முதன்முதலாகக் கேட்டார். அப்போது அவன் சொன்ன பதிலைத்தான் போலீஸிடமும் சொன்னான், சுஹாஸிடமும் வீணாவிடமும் சொன்னான். சத்தமே போடல ஆன்ட்டி. வழுக்கி விழுந்துட்டான்.

கோயம்புத்தூரில் வாசித்துவிட்டுத் திரும்புகிற வழியில், கிருஷ்ணகிரிக்கு இந்தப் பக்கம் ஒரு லாட்ஜ். காலை பதினொன்றரைக்கு அதன் பின்பக்கச் சந்துக்குள் சிரில் வேனைப் பின்னுக்கு எடுத்தான். எப்போதும் போல அமல் பின்னால் நின்று வழி காட்டினான். எந்த ஊர், எந்த மண்டபமானாலும் இதுதான் அவர்கள் வழக்கம். வண்டியின் முதுகில் உள்ளங்கையால் தட், தட், தட் என்று தட்டிக்கொண்டே வா, வா, வா என்பான். நிற்க வேண்டுமானால் ஓங்கி ஒரே ஒரு அறை. நிறுத்து. ஆறு வருஷத்தில் சிரில் பின்கண்ணாடியை நம்பியதே இல்லை. அந்த அறை விழுந்தால் கால் தானாக பிரேக்கை மிதிக்கும்.

அன்றைக்கு அவன் காதில் இன்-இயர் இருந்தது. இரண்டு காதிலும். முந்தைய இரவின் நிகழ்ச்சியைப் போனில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். ஓர் இடத்தில் சீட்டின் வழியாக முதுகில் தும் என்று ஓர் அதிர்வு வந்தது. பேஸ் டிரம் என்று நினைத்தான். தான் வாசித்த பேஸ் டிரம். நேற்று நன்றாக விழுந்திருக்கிறது என்றுகூட நினைத்தான். அது அமலின் அறை என்று புரிந்தபோது அவன் பின்சக்கரத்தின் அடியில் கிடந்தான்.

அந்த இரண்டு ரப்பர் குமிழ்களைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தரைக்கு நிகழ்ச்சி தொடங்கியது. மழை வரவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கூட்டம், வீட்டுக்குப் போகிற கேப் வருவதற்குள் கொஞ்சம் ஆடிவிடலாம் என்று முன்னால் நெருங்கி வந்தது. முதல் பாட்டில் அமல் நாலு எண்ணினான். நாலுதான். இரண்டாவதிலும் நாலு. சிரிலின் கைகள் அவனைக் கேட்காமலே வாசித்தன. அவை நன்றாக வாசிப்பதை அவன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது பாட்டு. மூக்கை உறிஞ்சும் சத்தம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

வா.

குரல் தெளிவாக இருந்தது. சளி இல்லை. அலமாரித் துணிகளின் அடைசலும் இல்லை. வெட்ட வெளியில் நின்று சொன்னது போல, சொன்னவனைச் சுற்றிக் காற்று இருந்தது.

சிரில் சுஹாஸைப் பார்த்தான். அவன் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தான். வீணாவின் முதுகு அசையவில்லை. பாட்டு ஓடியது. கோரஸுக்கு முன்னால், வா. கோரஸுக்குப் பின்னால், வா, வா. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இடப்பக்கமாக, கொஞ்சம் பின்னாலிருந்து. கடைசிப் பாட்டு முடிந்து கூட்டம் கைதட்டியது. இரண்டு காதும் அடைத்திருந்த அவனுக்கு, ஆயிரம் கைகள் சத்தமில்லாமல் மோதிக்கொள்வதுதான் தெரிந்தது. அந்த அமைதிக்குள் குரல் மட்டும் நிற்காமல், அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. வா. வா. வா.

அவன் இரண்டு குமிழ்களையும் பிடுங்கினான். கைதட்டல் திடீரென்று காதில் கொட்டியது. ஒயரைச் சுற்றி, ஒரு பழைய மிட்டாய் டப்பாவுக்குள் போட்டு மூடி, டப்பாவைப் பையின் அடியில் வைத்து, ஜிப்பை இழுத்தான். இழுத்தது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. ஜிப் ஓர் இடத்தில் துணியில் சிக்கியதுகூட.

சாமான்களை அடித்தள பார்க்கிங்கில்தான் ஏற்ற வேண்டும். சரிவில் இறங்கி, சுவர் வரைக்கும் வேனைப் பின்னுக்கு எடுத்து நிறுத்த வேண்டும். கேட் பாஸில் கையெழுத்து வாங்க சுஹாஸ் செக்யூரிட்டி அறைக்குப் போயிருந்தான். போலீஸ் திருப்பிக் கொடுத்த அதே வேன். இன்று இங்கே வரைக்கும் முதல்முறையாக அவனை அதை ஓட்ட வைத்ததும் வீணாதான்.

"நீ எடு. பின்னாடி நான் நிக்கறேன்."

"சுஹாஸ் வரட்டுமே."

"இன்னைக்கு ரிவர்ஸ் எடுக்கலேன்னா நீ எப்பவும் எடுக்க மாட்டடா. நான் இருக்கேன்ல? கத்தறேன். என் தொண்டை மேல சந்தேகமா?" அவள் சிரித்தாள். சிரிலும் சிரித்ததாக நினைத்தான். அவள் மஞ்சள் மழைக்கோட்டைத் தலைக்கு இழுத்துக்கொண்டு வண்டியின் பின்னால் போனாள்.

மழை அப்போதுதான் தொடங்கியது. கதவைச் சாத்தினான். வண்டிக்குள் நனைந்த கேபிள்களின் ரப்பர் வாசனை, பழைய பெட்ஷீட் வாசனை, அதற்கடியில் அமல் போட்டுக்கொள்கிற தைல வாசனை. சாவியைத் திருப்பினான். ரிவர்ஸ். சரிவில் வண்டி மெல்ல இறங்கியது. டியூப் லைட்டுகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் நழுவின.

தட். தட். தட்.

முதுகில் உணர்ந்தான். வீணா தட்டுகிறாள். நல்லது.

வா, வா, வா.

அவள் குரல் இல்லை.

தட். தட்.

எதிரே சரிவின் மேலே மழை கொட்டுவது தெரிந்தது, அதன் சத்தம் நின்றிருந்தது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. வைப்பர் ஆடியது. சத்தம் இல்லை. இன்ஜின் சத்தமும் இல்லை. டப்பாவும் பையும் ஜிப்பும் அவன் நினைவில் வந்துபோயின. இடது கையைத் தூக்கிக் காதைத் தொட்டான்.

வழுவழுப்பான ரப்பர்.

இன்னொரு காது. அங்கும்.

பக்கக் கண்ணாடியில் மஞ்சள் தெரிந்தது. வீணா. பின்விளக்கின் சிவப்பில் அவள் முகம். அவளுக்குப் பின்னால் சுவர். வாய் அகலமாகத் திறந்திருந்தது. மூடியது. மறுபடி திறந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் அவனை நோக்கி நீட்டியிருந்தாள்.

இரண்டும் வண்டியைத் தொடவில்லை.

தட். தட். தட்.

கழற்ற வேண்டும். விரல் குமிழின் மேல்தான் இருந்தது. கழற்றவில்லை. கழற்றினால், அமல் நிறுத்து என்று சொல்வது கேட்காமல் போய்விடும்.

கால் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. மரத்துப்போன ஒரு கனம். அது ஓங்கி விழும் அந்த ஒரு அறைக்காகக் காத்திருந்தது. ஆறு வருஷமாகப் பழகிய கால்.

வா.

சிவப்பு அவள் முகத்தில் அடர்ந்தது.

வா. வா.

"அமல்," என்றான் சிரில். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. "நிறுத்துன்னு சொல்லுடா. டேய். ஒரே ஒரு தடவ சொல்லுடா."